கிராம சங்கங்கள் சமூக நிதியங்களிடம் உதவித்தொகை கோரும் முறை

நமது கிராமங்களில் ஏரிகளும் குளங்களும் தூர்ந்து கிடப்பதற்குப் பணமின்மை ஒன்றே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. பொதுக்காரியங்களுக்கு உதவவேண்டுமென்றே ஏற்பட்ட நிதிகள் பல உண்டு. அவற்றை நிர்வகிப்போர் நம்பத்தகுந்த சங்கங்களைத் தேடுகின்றனர். உதவி வேண்டும் கிராமத்தாரோ கேட்கவேண்டிய இடத்தையும் முறையையும் அறியாதிருக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் சந்தியாமையால், ஓர் ஊருக்கு வரக்கூடிய பணம் வேறிடம் செல்கின்றது. மதகு பழுதாகியே கிடக்கின்றது. கடைமடை நிலம் காய்கின்றது. ஆகையால் இத்தகைய நிதிகள் யாவை, அவற்றைக் கோரும் சங்கம் எவ்வாறு அமைந்திருக்கவேண்டும், விண்ணப்பத்தில் எவற்றைக் கூறவேண்டும், பணம் கைக்கு வந்தபின் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பவற்றைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளும்பொருட்டு இங்கு விவரிக்கின்றோம். எளிதில் விளங்குமாறு, ஒரு சிற்றேரியைச் செப்பனிடும் வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

சமூக நிதியம் தோன்றிய வரலாறு

ஒரு தனவந்தர் தம் சொத்தை இன்ன தருமத்திற்கே என்று எழுதிவைத்துக் காலமாகிவிட்டால், காலம் மாறி அத்தருமம் தேவையற்றுப்போன பிறகும் அப்பணத்தை வேறு காரியத்திற்குத் திருப்புவது கடினம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் மேயராயிருந்து 1851-இல் காலமான பிரையன் முல்லன்ஃபி என்பவர், மேற்றிசைக்குக் குடியேறச் செல்லும் ஏழை வழிப்போக்கருக்கென்று தம் ஆஸ்தியில் ஒரு பங்கை எழுதிவைத்தார். இரயில் வந்து, குடியேற்றமும் அடங்கியபின், அந்நிதிக்கு உரிய வழிப்போக்கர் கிடைப்பது அரிதாயிற்று. கால்நடையாகச் செல்வோருக்கென்று பெரியோர் கட்டிவைத்த சத்திரங்கள் இரயில் வந்தபின் ஆளின்றிக் கிடந்ததை நம் நாட்டினரும் அறிவர்.

இக்குறையை நீக்க வழி கண்டவர் கிளீவ்லாந்து நகரத்தில் பாங்கி ஒன்றின் தலைவராயிருந்த பிரெடெரிக் கோஃப் என்பவர். பலர் கொடுக்கும் தருமப் பணங்களை ஒரே முதலாகச் சேர்த்து, முதலை அழிக்காமல் காத்து, அதன் வருமானத்தை அவ்வூரின் அவ்வக்காலத்துத் தேவைகளுக்கு ஊர்ப் பெரியோர் அடங்கிய ஒரு குழு பகிர்ந்தளிக்கவேண்டும் என்பது அவர் யோசனை. இதன்படி 1914-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கிளீவ்லாந்து நிதியம் ஏற்பட்டது. சமூக நிதியங்களில் முதலாவது இதுவே. 1921-இல் கானடா தேசத்து வின்னிபெக் நகரத்தில் வில்லியம் அல்லோவே என்னும் பாங்கியர் 1,00,000 டாலர் முதலிட்டு அத்தேசத்தின் முதற் சமூக நிதியத்தை நிறுவினார். அதற்கு வந்த இரண்டாம் நன்கொடை கவனிக்கத்தக்கது. 1924-இல் பெயர் தெரிவிக்காத ஒருவர் ஓர் உறையில் ஐந்து டாலர் பொற்காசுகள் மூன்றை இட்டு, விதவையின் காணிக்கை என்று குறித்து அனுப்பிவைத்தார். லட்சம் டாலரும் பதினைந்து டாலரும் ஒரே முதலிற் சேர்ந்தன. சிறியோர் கொடுப்பதும் பெரியோர் கொடுப்பதும் ஒன்றாகச் சேர்ந்து ஊருக்கு உதவுவதே இவ்வேற்பாட்டின் சாரம்.

நம் நாட்டில் உதவி கிடைக்கும் இடங்கள்

மேற்கூறிய வகைச் சமூக நிதியங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. எனினும் அவை செய்யும் வேலையைச் செய்யும் வேறு நிதிகள் உண்டு. குடும்ப அறக்கட்டளைகளும், பெருங் கம்பெனிகள் நடத்தும் தருமஸ்தாபனங்களும் இவற்றுள் முக்கியமானவை.

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், 500 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்பேனும், 1,000 கோடிக்குக் குறையாத விற்றுமுதலேனும், 5 கோடிக்குக் குறையாத நிகர லாபமேனும் உடைய கம்பெனிகள், முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கினைச் சமூக நலத்திற்குச் செலவிடவேண்டுமென விதித்தது. இவ்விதி 2014 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நிலம், நீர் முதலிய இயற்கை வளங்களைக் காத்தலும், கிராம அபிவிருத்தியும் அச்செலவுக்குரிய இனங்களுள் அடங்கும். தான் தொழில் நடத்தும் இடத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் கம்பெனி முதன்மை கொடுக்கவேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது. ஆதலால் ஆலையோ தொழிற்சாலையோ அருகிலுள்ள கிராமத்தார், தங்களூர் அக்கம்பெனியின் கவனத்திற்கு உரியது என்பதை அறிந்திருக்கவேண்டும். தொடர்ந்து நடக்கும் வேலைக்கென ஒதுக்கப்படாது செலவழியாமல் நின்ற பணத்தைக் கம்பெனி தன்னிடம் வைத்துக்கொள்ள இயலாது. சட்டத்திற் கூறிய பொது நிதிகளுக்குச் செலுத்திவிடவேண்டும். உள்ளூர்ச் சங்கம் காலத்தில் கேளாமற்போனால் அப்பணம் அவ்வூரைவிட்டு அகன்றதேயாகும்.

சர்க்காரிலும் இதனோடு ஒத்த திட்டம் ஒன்று உண்டு. 1997-98-இல் தமிழ்நாட்டில் ஏற்பட்டு, 2021-22-இல் மீண்டும் தொடங்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில், பொதுமக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செலுத்துவராயின், மீதியைச் சர்க்கார் ஏற்கும் என்பது அடிப்படை விதி. சிலவகை வேலைகளுக்கு மக்கள் பங்கு வேறுபடக்கூடுமாதலால், அவ்வவ் வருஷத்து உத்தரவை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற் கேட்டறிந்துகொள்வது நலம்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்னனுமதியோ பெறாத சங்கம், அந்நிய நிதியங்களிடமிருந்து ஒரு ரூபாயும் பெறலாகாது. சிங்கப்பூர், மலேயா முதலிய இடங்களில் வாழும் நம்மூரார் இந்தியப் பிரஜைகளாயிருந்து, தம் சொந்தச் சேமிப்பைப் பாங்கி மூலம் அனுப்பினால் அஃது அந்நிய நன்கொடையாகாது. அவர்களே அந்நாட்டுப் பிரஜைகளாகிவிட்டிருப்பின், ஊர்ப்பற்று எவ்வளவிருப்பினும், அவர்கள் கொடுப்பது அந்நிய நன்கொடையே. உறவினர் தாமே என்று வாங்கிவிட்டுப் பின்னர்ச் சங்கடப்படுவதைத் தவிர்க்கவேண்டும்.

சங்கத்தின் அமைப்பு

நிதியத்தார் தனி மனிதருக்குப் பணம் கொடார். ஊரின் பெயருக்கும் கொடார். சட்டப்படி பதிவுபெற்ற ஒரு ஸ்தாபனத்திற்கே கொடுப்பர். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேருக்குக் குறையாதோர் கூடிச் சங்கம் ஏற்படுத்தி, நோக்கங்களையும் உபவிதிகளையும் எழுதி, ஜில்லா ரிஜிஸ்திராரிடம் பதிவு செய்துகொள்ளலாம். நிர்வாகக் குழு மூவருக்குக் குறையாமலிருக்கவேண்டும். வருஷந்தோறும் பொதுச்சபை கூட்டுவதும், கணக்கைத் தணிக்கை செய்வித்து ரிஜிஸ்திராருக்கு அனுப்புவதும் கட்டாயமான கடமைகள். பல கிராமங்களில் உற்சாகத்துடன் சங்கம் பதிவு செய்வோர், இரண்டாம் வருஷமே கணக்கு அனுப்புவதை மறந்துவிடுகின்றனர். நிதியத்தார் முதலிற் கேட்கும் தஸ்தாவேஜு இத்தணிக்கைக் கணக்கேயாதலால், அஃதில்லாத சங்கம் வாசலிலேயே நிற்கவேண்டியதாகும்.

இதன்மேல் வருமான வரி இலாகாவில் இருவகைப் பதிவு வேண்டும். ஒன்று, சங்கத்தின் வருமானத்திற்கு வரி நீங்கும் பொருட்டுத் தருமஸ்தாபனமாகப் பதிதல். மற்றொன்று, நன்கொடை கொடுப்போர் தம் வரியிற் கழிவு பெறும் பொருட்டுப் பதிதல். 2021 முதல் இப்பதிவுகள் காலவரையறை உடையனவாக்கப்பட்டுள்ளன; காலம் முடியுமுன் புதுப்பிக்கவேண்டும். நன்கொடையாளர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்குக் கழிவு கிடையாது என்பதையும் அறிந்து, பாங்கி மூலமே பெறுதல் உசிதம்.

கம்பெனிகளின் சமூக நலப் பணத்தைப் பெறவேண்டுமாயின், இவ்விரு பதிவுகளோடு, சி.எஸ்.ஆர்.-1 என்னும் படிவத்தின் மூலம் கம்பெனி விவகார இலாகாவில் பதிந்து எண் பெறவேண்டும். இவ்விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ளது. அதே வகைப்பட்ட வேலையை மூன்று வருஷங்களேனும் செய்த அனுபவமும் வேண்டும். புதிதாக ஏற்பட்ட சங்கத்திற்கு இது தடையாகத் தோன்றலாம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பதிவும் அனுபவமும் உள்ள ஒரு பழைய ஸ்தாபனத்தின் பொறுப்பில், அதன் கணக்கினுள் அடங்கி வேலை செய்வது ஒரு வழி. அமெரிக்காவிலும் புதிய சங்கங்கள் இவ்வாறே பெரிய ஸ்தாபனம் ஒன்றின் நிழலில் தொடங்குகின்றன. உள்ளூர் வசூலைக்கொண்டு வரத்துக்கால் வெட்டுதல், மதகுப் பலகை மாற்றுதல் போன்ற சிறு வேலைகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கும் புகைப்படமும் சேர்த்துவைப்பது மற்றொரு வழி. மூன்று வருஷங்களில் அச்சிறு வேலைகளே சங்கத்தின் யோக்கியதாபத்திரமாகிவிடும்.

நிர்வாகக் குழுவில் எவரெவர் இருக்கின்றனர் என்பதையும் நிதியத்தார் நோக்குவர். அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதார் மூவரும் ஒரே குடும்பத்தினராயிருப்பின், அச்சங்கத்தை ஊர்ச் சங்கமென எவரும் கருதார். தலைமடைக்காரரோடு கடைமடைக்காரரும், நிலமுடையாரோடு குத்தகைதாரரும், ஏரியில் ஆடுமாடு மேய்ப்போரும் மீன் பிடிப்போரும், பெண்மக்களும், சேரிவாசிகளும் குழுவில் இடம்பெறுதல் வேண்டும். ஏரி இவர்கள் அனைவருக்கும் பொது. அதன் பொருட்டுக் கேட்கும் பணமும் அனைவருடைய சம்மதத்தின்மேலேயே கேட்கப்படவேண்டும்.

விண்ணப்பிக்கு முன் செய்யவேண்டியன

ஏரி சங்கத்தின் சொத்தன்று. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கரா ஆயக்கட்டும் அதற்கு மேலும் உள்ள ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையின் வசத்திலும், அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியங்களின் வசத்திலும் இருக்கின்றன. உரிய இலாகாவின் எழுத்து மூலமான அனுமதியும், கிராம சபையின் தீர்மானமும் இன்றி ஒரு கூடை மண்ணையும் எடுக்கலாகாது. வண்டலை வயலுக்கு எடுத்துச்செல்வதற்குத் தனியே வருவாய் அதிகாரிகளின் அனுமதி பெறவேண்டும். இவ்வனுமதிகளைப் பணம் வந்தபின் பெற்றுக்கொள்ளலாம் என்றிருப்பது தவறு. ஏரிவேலை செய்யத்தக்க காலம் கோடையில் சில மாதங்களே. அனுமதி தாமதித்தால் மழை வந்து, அவ்வருஷம் வீணாகும். வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

அடுத்தது ஆக்கிரமிப்பு. இதைப்பற்றி வெளிப்படையாகக் கூறுவது எம் கடமை. பல ஏரிகளின் நீர்ப்பரப்பிலும் வரத்துக்கால்களிலும் பயிரிடுவோர் வெளியூரார் அல்லர். அதே ஏரியின் ஆயக்கட்டுதாரர்களே. ஒரு கையால் ஏரியைக் குறைத்துக்கொண்டு மறு கையால் அதை ஆழப்படுத்தப் பணம் கேட்பது பொருந்தாது. நிதியத்தார் அனுப்பும் பொறியியலர் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வருவார். எல்லைக்கல் எங்கிருக்கிறது, வரப்பு எங்கிருக்கிறது என்பதை அவர் ஒரு நாழிகையிற் கண்டுகொள்வார். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருப்பினும், அதிகாரிகள் வந்து அகற்றுமுன் குடியானவர் தாமே விலகிக்கொள்வது ஊருக்குக் கௌரவம். ஏரி எல்லையை அளந்து, ஆக்கிரமித்த நிலத்தை விட்டுவிட்டதாகச் சம்பந்தப்பட்டோர் கையொப்பமிட்ட தீர்மானம் ஒன்றை விண்ணப்பத்தோடு இணைக்கக்கூடுமாயின், அதைவிடச் சிறந்த சிபாரிசு வேறில்லை.

வேலையை அளந்து கூறுதல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஏரியிலிருந்து எடுப்பதையும் அளந்தே எடுக்கவேண்டும். ஏரி தூர்ந்துவிட்டது, விவசாயிகள் மிகவும் கஷ்டப்படுகின்றனர் என்று மட்டும் எழுதும் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வருவதால் அவை பயனளிப்பதில்லை. என்ன குறை, எவ்வளவு, அதை நீக்கினால் எவருக்கு எவ்வளவு பயன் என்று எண்ணாற் காட்டவேண்டும்.

உதாரணமாக, 80 ஏக்கரா ஆயக்கட்டுடைய ஒரு சிற்றேரியில், மதகுக்கு அருகிலுள்ள 10 ஏக்கராப் பரப்பில் சராசரி ஓரடி உயரம் வண்டல் படிந்திருப்பதாகக் கொள்வோம். ஓர் ஏக்கரா 43,560 சதுர அடி. ஆகவே எடுக்கவேண்டிய மண் 4,35,600 கன அடி; 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 4,356 யூனிட். மண் நீங்கிய இடத்தில் அதே அளவு நீர், அதாவது 10 ஏக்கரா-அடி நீர், ஒருமுறை நிரம்பும்போது கூடுதலாக நிற்கும்.

இந்நீரால் எவ்வளவு பயன் விளையும்? நெற்பயிர் ஒரு போகத்திற்கு ஏறத்தாழ 4 அடி நீரை வேண்டுவதாதலால், 10 ஏக்கரா-அடி நீர் முழுப் போகத்திற்கு இரண்டரை ஏக்கராவுக்கே போதும். ஆயினும் பருவத்தின் கடைசியில், கதிர் பால்கட்டும் சமயத்தில், இரண்டங்குல உயரமுள்ள ஒரு தண்ணீர் கிடையாமையாலன்றோ பயிர் பெரும்பாலும் சாவியாகின்றது! 10 ஏக்கரா-அடி என்பது 120 ஏக்கரா-அங்குலம். இரண்டங்குலம் வீதம் 60 ஏக்கராவுக்கு ஒரு தண்ணீர் ஆகும். ஆவியாதல், கசிவு, வாய்க்கால் சேதம் ஆகியவற்றிற்குப் பாதியைக் கழித்தாலும், 30 ஏக்கராவின் கடைசித் தண்ணீர் உறுதிப்படும். விண்ணப்பத்தில் எழுதத்தக்கது இதுவே. ஆயக்கட்டு முழுவதும் இருபோகம் விளையும் என்று எழுதினால் படிப்பவர் கணக்கிட்டுப் பார்த்து நம்பிக்கை இழப்பர். முப்பது ஏக்கராவின் கடைசித் தண்ணீர் என்று எழுதினால் அதுவே போதுமென்று கருதுவர்.

மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மதகு வழியே பாயாது. அஃது ஆடுமாடுகளுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவலாமாயினும், பாசனக் கணக்கிற் சேர்க்கலாகாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டுவதும் கரைக்கு ஆபத்து. இவ்விரண்டையும் உணர்ந்து மட்டம் பார்த்துத் தயாரித்த மதிப்பீடே தேர்ந்த மதிப்பீடாகும்.

செலவு மதிப்பீடு

மதிப்பீட்டை அவ்வருஷத்துச் சர்க்கார் விகிதப் பட்டியலையும் உள்ளூர் விலையையும் ஒப்பிட்டுத் தயாரிக்கவேண்டும். வடிவம் விளங்கும்பொருட்டு, உத்தேசமான எண்களைக்கொண்டு கீழ்க்கண்டவாறு காட்டுகின்றோம்.

மண் வெட்டும் இயந்திர வாடகை — ரூ. 3,00,000
மதகு பழுது பார்த்தல் — ரூ. 1,20,000
கரை பலப்படுத்தல் — ரூ. 1,20,000
அளவு, மேற்பார்வை, கணக்குத் தணிக்கை — ரூ. 30,000
எதிர்பாராச் செலவு — ரூ. 30,000
ஆக மொத்தம் — ரூ. 6,00,000

இதில் ஆயக்கட்டுதாரர்கள் ஏக்கராவுக்கு 1,500 ரூபாய் வீதம் 80 ஏக்கராவுக்குச் செலுத்தும் 1,20,000 ரூபாய் நீங்கலாக, நிதியத்திடம் கோரும் தொகை 4,80,000 ரூபாய். வண்டலை டிராக்டரில் ஏற்றி வயலுக்குக் கொண்டுசெல்லும் செலவு அவ்வவ் விவசாயியைச் சார்ந்தது எனத் தனியே குறிக்கவேண்டும். அதுவும் ஊராரின் பங்கேயாகும்.

ஊரார் பங்கு இன்றியமையாதது. முற்காலத்தில் குடிமராமத்து என்னும் வழக்கத்தால் ஏரி மராமத்தில் சிறுவேலைகளைக் குடிகளே செய்துவந்தனர். தன் கைப்பணம் சேர்ந்த வேலையை ஊரார் காப்பர் என்பதை நிதியத்தார் நன்கறிவர். வசூலான பங்கைச் சங்கத்தின் பாங்கிக் கணக்கில் முன்னதாகவே கட்டி, அதன் நகலை விண்ணப்பத்தோடு வைப்பது சிறந்தது. நிலமற்றோரிடம் பணம் வசூலித்தல் தகாது. அவர்கள் உழைப்பைத் தர விரும்பினால் அதற்குரிய கூலி மதிப்பைக் கணக்கிற் காட்டலாம்.

விண்ணப்பம் எழுதும் முறை

முதலில் அந்நிதியம் எவ்வகை வேலைகளுக்கு, எந்தப் பிரதேசத்தில், எவ்வளவு தொகைவரை, எந்த மாதத்தில் விண்ணப்பம் ஏற்கின்றது என்பதை விசாரித்தறியவேண்டும். கல்விக்கு மட்டும் உதவும் நிதியத்திற்கு ஏரி விண்ணப்பம் அனுப்புவது இரு சாராருக்கும் வீண்வேலை. ஒரே விண்ணப்பத்தை நகலெடுத்து இருபது இடங்களுக்கு அனுப்புவதைக் காட்டிலும், பொருத்தமான இரண்டு மூன்று இடங்களுக்கு அவரவர் விதியைப் படித்து எழுதுவது மேல். கூடுமாயின் எழுதுமுன் அந்நிதியத்தின் அதிகாரி ஒருவரைக் கண்டு பேசுதல் நன்று.

விண்ணப்பத்தில் ஆறு விஷயங்கள் தெளிவாயிருக்கவேண்டும். சங்கம் யாது, இதுவரை என்ன செய்தது. குறை என்ன, அதன் அளவு என்ன. செய்யக் கருதும் வேலை யாது, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும். செலவு எவ்வளவு, அதில் ஊரார் பங்கு எவ்வளவு. பயன் எவருக்கு, அதை எவ்வாறு அளந்து காட்டுவது. வேலை முடிந்தபின் பராமரிப்பு எவர் பொறுப்பு. முதற்பக்கத்தில் இவற்றின் சுருக்கம் இருத்தல் வேண்டும். அது பின்வருமாறு அமையலாம்:

எங்கள் சங்கம் இன்ன வருஷம் பதிவானது. எங்களூர்ச் சிற்றேரியில் மதகருகே 10 ஏக்கராப் பரப்பில் ஓரடி வண்டல் படிந்தும், மதகு பழுதுற்றும் இருப்பதால், கடைமடையிலுள்ள 30 ஏக்கரா நிலம் பருவக் கடைசியில் தண்ணீரின்றி நஷ்டமடைகின்றது. ஒன்றியத்தின் அனுமதியும் கிராம சபைத் தீர்மானமும் இணைத்துள்ளோம். வேலைக்கு ஆகும் 6,00,000 ரூபாயில் 1,20,000 ரூபாயை நாங்கள் பாங்கியிற் கட்டியுள்ளோம். மீதி 4,80,000 ரூபாயைத் தங்களிடம் கோருகின்றோம். ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிப்போம். பின்னர் வருஷந்தோறும் ஏக்கராவுக்கு இவ்வளவென வசூலித்து மதகையும் வரத்துக்காலையும் பராமரிப்போம்.

இதனினும் அலங்காரமான சொற்கள் வேண்டியதில்லை. வேலைக்கு முன்னுள்ள நிலையைக் காட்டும் அளவுகளை அப்போதே எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். கடைமடையில் எந்தத் தேதிவரை தண்ணீர் சென்றது, ஏரியோரத்துக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை ஏக்கரா அறுவடையாயிற்று என்னும் கணக்கு இல்லையேல், வேலை முடிந்தபின் ஏற்பட்ட பயனைக் காட்ட ஆதாரம் இராது.

பணம் வந்தபின்

நிதியம் பணத்தை ஒரே தவணையாகக் கொடுப்பது அரிது. முதற் தவணைக்குக் கணக்குக் காட்டியபின்னரே அடுத்தது வரும். ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் அதை ஒவ்வொரு வரியாகப் பொதுச்சபையிற் படிக்கவேண்டும். இவ்வேலைக்கென்று தனிப் பேரேடு வைத்து, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர் பெற்று, காரியதரிசியும் பொக்கிஷதாரும் கூட்டாகக் கையொப்பமிட்டே பணம் எடுக்கவேண்டும். இயந்திரம் வேலை செய்த மணிக்கணக்கை நாள்தோறும் இருவர் சாட்சியாக எழுதவேண்டும். இயந்திரமோ பொருளோ வாங்கும்போது மூன்று விலைப்புள்ளிகள் பெறுதல் முறை. குழுவினர் ஒருவரின் உறவினருக்கே ஒப்பந்தம் செல்லுமாயின் அவர் அக்கூட்டத்தில் வாக்களியாது விலகியிருக்கவேண்டும்.

மதகுக்கென்று வந்த பணத்தைக் கோயில் திருவிழாவுக்கோ சாலைக்கோ, எவ்வளவு நல்ல காரியமாயினும், மாற்றலாகாது. மாற்றவேண்டிய அவசியம் நேரிடின் நிதியத்திற்கு எழுதி, அனுமதி பெற்றபின்னரே மாற்றவேண்டும். மொத்த வரவுசெலவை ஊராட்சி அலுவலக வாசலில் யாவரும் படிக்குமாறு எழுதி ஒட்டவேண்டும். மிஞ்சிய பணத்தைத் திருப்பி அனுப்பிய சங்கத்திற்கு மறுமுறை உதவி எளிதிற் கிடைக்கும். கணக்குக் காட்டாத சங்கமோ தன் ஊரை மட்டுமன்றி அக்கம்பக்கத்து ஊர்களையும் கெடுக்கின்றது. ஏனெனில் ஒரு பிர்க்காவில் ஏமாந்த நிதியத்தார் அப்பக்கம் மீண்டும் வரத் தயங்குவர்.

மறுக்கப்பட்டால்

முதல் விண்ணப்பம் மறுக்கப்படுவது சாதாரணம். மனமுடைந்து சங்கத்தைக் கலைத்துவிடலாகாது. மறுப்புக்குக் காரணம் யாதெனப் பணிவுடன் எழுதிக் கேட்டால் பலர் விடையளிப்பர். அனுமதி இல்லாமையோ, மதிப்பீட்டுப் பிழையோ, அவ்வருஷத்துப் பணம் தீர்ந்தமையோ காரணமாயிருக்கலாம். அவற்றைத் திருத்தி அடுத்த வருஷம் மீண்டும் அனுப்பவேண்டும். இதற்கிடையில் ஊரார் கட்டிய பங்கைக்கொண்டு மதகு ஒன்றையேனும் பழுதுபார்த்துவிட்டால், மறு விண்ணப்பம் முன்னதினும் வலுப்பெறும்.

கிராம அதிகாரிகளுக்கு

1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகள் நீங்கியபின், கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில் உள்ளன. ஏரியின் புல எண், விஸ்தீரணம், எல்லை ஆகியவற்றை அ-பதிவேட்டிலிருந்தும் புல வரைபடத்திலிருந்தும், சாகுபடி விவரங்களை அடங்கலிலிருந்தும் காலத்தில் எடுத்துக்கொடுக்க உதவினால், சங்கத்தாரின் பாதி வேலை முடிந்ததாகும். ஊராட்சித் தலைவரும் செயலரும் கிராம சபைத் தீர்மானத்தைத் தெளிவாக எழுதி நகல் கொடுப்பதும் அத்தகையதே. ஆக்கிரமித்தவர் செல்வாக்குடையவர் என்பதற்காக எல்லையைக் காட்டத் தயங்குவது, ஊருக்கு வரும் உதவியைத் தடுப்பதற்கு ஒப்பாகும்.

நிலமுடைய குடியானவர்களுக்குக் கூறுவது யாதெனில்: இவ்வுதவித்தொகைகள் பிச்சையல்ல, சலுகையுமல்ல. ஊர் தன் பங்கைச் செய்யும்போது வெளியார் தம் பங்கைச் சேர்க்கும் ஒப்பந்தமே இவை. கோடை தொடங்குமுன் ஊரார் ஒன்றுகூடி, எல்லையை அளந்து, பங்கை வசூலித்து, கணக்குப் புத்தகம் ஒன்றைத் திறந்துவைத்தல் வேண்டும். விண்ணப்பம் அதன் பின்னரே எழுதத்தக்கது.